‘மெட்ரோ வருது’ என்றால் உண்மையில் என்ன வருகிறது? சென்னை ரயில் விரிவாக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்னையில் ரயில் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அது ‘மெட்ரோ வருது’ என்று சுருங்கிவிடுகிறது. திட்ட அறிக்கை தாக்கல் ஆனாலும், அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தாலும், ஒரு தூண் எழும்பினாலும் அதே பேச்சுதான். பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனம் எடுத்துக்கொள்வது, கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போட்டது, மின்சார ரயிலில் ஏசி வண்டி விட்டது எல்லாம் ஒரே கூடையில் விழுகின்றன. மனை விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரயில் திட்டங்களில் அடிப்படையில் இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, ரயில் இதுவரை போகாத இடத்துக்குப் பாதை போடுவது. இதை நீட்டிப்பு என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, ஏற்கெனவே ஓடும் பாதையில் இன்னும் அதிகம் பேரை ஏற்றிச்செல்ல வழி செய்வது. இது மேம்பாடு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. நீட்டிப்பு நெரிசலைக் குறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

மாடியும் லிஃப்டும்

நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரே ஒரு லிஃப்ட் இருக்கிறது. காலையில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் மேல் இன்னும் மூன்று மாடி கட்டுகிறார்கள், ஆனால் லிஃப்ட் அதேதான். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு வசதி. முதலிலிருந்தே இரண்டாம் மாடியில் இருப்பவருக்கோ இரண்டு தொல்லைகள். லிஃப்ட் மேலே போய்த் திரும்ப அதிக நேரம் ஆகிறது, வரும்போதே நிரம்பியும் வருகிறது.

மாடி கட்டியது நீட்டிப்பு. பெரிய லிஃப்ட், வேகமான லிஃப்ட், இரண்டாவது லிஃப்ட் இவையெல்லாம் மேம்பாடு. மாடி கட்டும்போதே லிஃப்டையும் கணக்கில் எடுத்தாரா என்பதை வைத்துத்தான் பொறியாளரை எடைபோட வேண்டும். ரயிலில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்கும் முன், நம் ஊரில் ஓடுவது என்னென்ன என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஒரே ஊர், மூன்று அமைப்புகள்

மூத்தது புறநகர் மின்சார ரயில். கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இது இந்திய ரயில்வேயின் கையில் இருக்கிறது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டுப் பக்கம் போகும் பாதைகளில் வெளியூர் ரயில்களும் சரக்கு ரயில்களும் உண்டு.

அடுத்தது பறக்கும் ரயில். 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை என்று தவணை தவணையாக வந்தது. மூன்றாவது மெட்ரோ. 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே முதலில் ஓடியது. இன்று முதல் கட்டமும் விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பும் சேர்ந்து சுமார் 54 கி.மீ.

புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் ஓடும் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. மெட்ரோவில் 1,435 மி.மீ. கிட்டத்தட்ட 24 செ.மீ. வித்தியாசம். ஒன்றின் வண்டி மற்றதன் பாதையில் ஓடவே முடியாது. ஆகவே ‘பறக்கும் ரயில் மெட்ரோவுடன் இணைகிறது’ என்பதற்கு வேளச்சேரியில் ஏறி, நடுவில் வண்டி மாறாமல் விமான நிலையம் போகலாம் என்று பொருள் இல்லை. நிர்வாகம், பயணச்சீட்டு, நிலையப் பராமரிப்பு ஒரே கைக்கு வரும். அதுவும் நல்லதுதான், பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது வேறு விஷயம்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர்?

ஒரு பாதையின் திறன் என்பது, ஒரு திசையில் ஒரு மணி நேரத்தில் அது ஏற்றிச்செல்லக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. ஒரு ரயிலில் எத்தனை பேர் என்பதை, மணிக்கு எத்தனை ரயில் என்பதால் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே உள்ள நேரத்தை ‘ஹெட்வே’ என்பார்கள். நாம் இடைவெளி என்றே சொல்லலாம். இடைவெளி 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 ரயில். 3 நிமிடம் என்றால் 20. ஒரு ரயிலில் 1,200 பேர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முதலாவதில் 12,000 பேர், இரண்டாவதில் 24,000 பேர். தண்டவாளம் ஓர் அடிகூட நீளவில்லை, திறன் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

பெட்டிகளைக் கூட்டினாலும் திறன் ஏறும். ஆனால் அதற்கு நடைமேடை நீளம் வேண்டும். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் நான்கு பெட்டி ரயில்கள் ஓடுகின்றன, நடைமேடைகளோ ஆறு பெட்டிக்கு இடம் விட்டுக் கட்டப்பட்டவை. தரைக்கடியில் நிலையத்தைக் கட்டி முடித்தபின் அதை நீட்டுவது ஏறக்குறைய இன்னொரு நிலையம் கட்டுவதுபோலத்தான். அதனால் இந்த முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஏசி மின்சார ரயில் இந்தக் கணக்கில் வராது. 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டுப் பாதையில் அது வந்தபோது பெரிய மேம்பாடாகப் பேசப்பட்டது. அது கூட்டியது வசதியை, திறனை அல்ல. வசதியும் தேவைதான், வெயில் காலத்தில் நிச்சயமாக.

இடைவெளியை ஏன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது?

‘ரயிலை வாங்கி விட வேண்டியதுதானே’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் ரயில் சட்டென்று நிற்காது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்கிறது, பிடிப்பு குறைவு. வேகத்தில் வரும் ரயில் நிற்கச் சில நூறு மீட்டர் வேண்டும். எனவே முன்னால் போகும் ரயிலுக்கும் பின்னால் வருவதற்கும் இடையே, நிறுத்தப் போதுமான தூரம் எப்போதும் இருந்தாக வேண்டும். இந்தத் தூரத்தைக் காப்பதுதான் சிக்னலின் வேலை.

பழைய முறையில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டுக்குள் ஒரே ரயில்தான் இருக்கலாம். அது வெளியேறும் வரை அடுத்த ரயிலுக்குச் சிவப்பு. இதில் ஒரு வீண் இருக்கிறது. முன் ரயில் துண்டின் கடைசி முனைக்கே போய்விட்டாலும், முழுத் துண்டும் ‘ஆள் இருக்கிறது’ என்றுதான் கணக்கு. பின் ரயில் தேவைக்கு மேல் தள்ளியே நிற்க வேண்டும்.

புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்பதை ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன் ரயிலின் வால் எங்கே என்று கணினிக்குத் தெரியும். அதை வைத்து, பின் ரயில் எதுவரை வரலாம் என்று நொடிக்கு நொடி கணக்கிடும். துண்டுகள் இல்லாததால் அந்த வீணும் இல்லை. இதற்கு சிபிடிசி என்று பெயர். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் வருவது இதுதான். லண்டனின் விக்டோரியா பாதையில் 2017 முதல் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள், அதாவது 100 வினாடிக்கு ஒன்று. நவீனச் சிக்னலோடு மற்ற எல்லாம் சரியாக அமைந்தால் இவ்வளவு தூரம் போகலாம்.

‘மற்ற எல்லாம்’ என்பதில்தான் பெரும்பாலான பாதைகள் மாட்டிக்கொள்கின்றன.

நிலையத்தில் ரயில் நிற்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் நிற்க வேண்டிய ரயிலில், மூடும் கதவுக்குள் ஒருவர் பையை நுழைக்கிறார். ரயில் பதினைந்து வினாடி தாமதமாகிறது. இடைவெளி ஆறு நிமிடமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒன்றரை நிமிடமாக இருந்தால் பின்னால் வரும் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்க வேண்டும், அதன் பின்னால் வருவதும் வேகம் குறைக்க வேண்டும். அகலமான கதவு, இறங்குபவருக்கு வழிவிடும் நடைமேடை, போதுமான படிக்கட்டுகள் எல்லாம் இந்த வினாடிகளைக் காக்கத்தான். நிலையத்தில் புது எஸ்கலேட்டர் போடுவதும் ஒருவகையில் ரயில் பாதையின் மேம்பாடு என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் இறங்கியவர்கள் நடைமேடையைக் காலி செய்யாவிட்டால் அடுத்த ரயிலில் இருப்பவர்கள் இறங்க முடியாது.

கடைசி நிலையம் இன்னொரு சிக்கல். அங்கே ரயில் தடம் மாறித் திரும்ப வேண்டும். ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து வர வேண்டும். இதற்கு நான்கு நிமிடம் பிடித்து, நிற்க ஒரே ஒரு தடம் இருந்தால், நடுவில் எவ்வளவு அருமையான சிக்னல் இருந்தாலும் நான்கு நிமிடத்துக்குக் குறைவாக ரயில் விட முடியாது. ஓட்டுநர் இல்லாத ரயிலின் பெரிய லாபம் இங்கேதான், சம்பளத்தில் அல்ல. இந்தியாவில் 2020 டிசம்பரில் டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் அது முதன்முதலில் ஓடியது.

சுருக்கமாக: திறன் என்பது ரயிலின் கொள்ளளவும் இடைவெளியும் சேர்ந்தது. இடைவெளியைத் தீர்மானிப்பது பாதையில் மிக மோசமான ஓர் இடம். அந்த இடம் சிக்னலாக இருக்கலாம், ஒரு நடைமேடையாக இருக்கலாம், கடைசி நிலையமாகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வேறு எங்கே பணம் போட்டாலும் பலன் தெரியாது.

பாதையை நீட்டினால் ரயில் ஏன் தாமதமாக வருகிறது?

இப்போது லிஃப்ட் கணக்கு. ஒரு ரயில் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, மறுமுனை போய், திரும்பி வர 90 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 நிமிட இடைவெளி வேண்டுமென்றால் 90-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். 18 ரயில்கள் தேவை.

பாதையை நீட்டுகிறோம். போய்வர இன்னும் 18 நிமிடம் கூடி 108 ஆகிறது. கையில் அதே 18 ரயில்கள். 108-ஐ 18-ஆல் வகுத்தால் 6. இடைவெளி 5 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகிவிட்டது. மணிக்கு 12 ரயில் வந்த இடத்தில் இப்போது 10. புதிய பகுதியில் மட்டுமல்ல, முழுப் பாதையிலும். பழைய 5 நிமிடத்தைத் தக்கவைக்க 22 ரயில்கள் வேண்டும். பராமரிப்புக்கு நிறுத்துபவை தனி. அந்த ரயில்களை நிறுத்தப் பணிமனையில் இடமும் வேண்டும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9 கி.மீ. நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தது. அதற்கென்றே 10 ரயில்கள் கூடுதலாக வாங்கப்பட்டன. செய்திகளில் கிலோமீட்டர் பெரிதாக வரும், ரயில் எண்ணிக்கை கடைசிப் பத்தியில் வரும். என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பத்தியைத்தான்.

புது ரயில்களே வாங்கினாலும் இன்னொன்று மிச்சம். திருவொற்றியூரில் ஏறுபவர்கள் உட்கார்ந்துகொண்டு வருவார்கள், முன்பு வண்ணாரப்பேட்டையில் காலி ரயிலில் ஏறியவருக்கு இனி நிற்க வேண்டியிருக்கும். இதில் யார்மீதும் தப்பில்லை. வடசென்னைக்கு அந்தப் பாதை எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் நடுவில் இருப்பவர்களின் நெரிசலைக் குறைக்கத் தனியாக ஏதாவது செய்தாக வேண்டும். மெட்ரோ செய்வது எளிமையானது. நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் இடையே மட்டும் சில ரயில்கள் சுற்றி வருகின்றன. இந்தப் பகுதியில் இடைவெளி பாதியாகிறது, முனைகளில் பழையபடி இருக்கிறது. ஒரு செங்கல்கூட வைக்காமல் நடந்த மேம்பாடு.

ஓடும் பாதையைத் திருத்துவது ஏன் கஷ்டம்?

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே மூன்று தடங்கள் இருந்தன. இரண்டு புறநகர் ரயிலுக்கு. வெளியூர் ரயில்களும் சரக்கு ரயில்களும் போவதற்கும் வருவதற்கும் மிச்சமிருந்த ஒன்றே. நான்காவது தடம் போட்டால் அந்த முடிச்சு அவிழும். தூரம் நான்கு கி.மீ. சொச்சம்தான். ஆனால் இடம் வேண்டுமே? அதற்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபரில். ஓராண்டுக்கு மேல் வேளச்சேரியிலிருந்து வந்தவர்கள் சிந்தாதிரிப்பேட்டையிலேயே இறங்க வேண்டியிருந்தது.

ஒரு வரைபடத்தில் இந்த நான்கு கிலோமீட்டர் தெரியவே தெரியாது. புதிய நிலையம் இல்லை, புதிய ஊர் இல்லை. நிறுத்திவைத்த பறக்கும் ரயிலின் பயணிகளுக்கு இதனால் நேரடியாக ஒரு லாபமும் இல்லை. மேம்பாட்டு வேலைகள் அரசியல் மேடையில் எடுபடாததற்கு இது ஒரு காரணம். ரிப்பன் வெட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் எல்லாரையும் ஓராண்டு கஷ்டப்படுத்தியிருக்கும்.

இரண்டாம் கட்டம் எதைச் சேர்க்கிறது?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் வெறும் நீட்டிப்பும் அல்ல, வெறும் மேம்பாடும் அல்ல. மூன்று புதிய வழித்தடங்கள். மாதவரத்திலிருந்து பெரம்பூர், மயிலாப்பூர், அடையாறு வழியாகச் சிறுசேரி சிப்காட். கலங்கரை விளக்கத்திலிருந்து வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி. மாதவரத்திலிருந்து கோயம்பேடு, ஆலந்தூர் வழியாகச் சோழிங்கநல்லூர். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தபோது சொன்ன கணக்கு 118.9 கி.மீ., 128 நிலையங்கள், 63,246 கோடி ரூபாய்.

லிஃப்ட் கணக்கில் இது பக்கத்தில் புதிய லிஃப்ட் வைப்பது. குறுக்கே போகும் பாதைகள் வந்தால், சிலர் பழைய பாதையைத் தொடாமலே போய்விடுவார்கள். பூந்தமல்லியிலிருந்து மயிலாப்பூர் போக சென்ட்ரல் பக்கம் தலைகாட்ட வேண்டியதில்லை. அதே நேரம் வடபழனி, ஆலந்தூர், கோயம்பேடு போன்ற மாறும் நிலையங்களில் கூட்டம் கூடும். இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் நடக்கும் தூரமும் படிக்கட்டின் அகலமும் ரயிலின் வேகத்தைவிட முக்கியமாகிவிடும். திருமயிலையில் இரண்டு புதிய வழித்தடங்கள் தரைக்கடியிலும், பறக்கும் ரயில் தலைக்கு மேலேயும் இருக்கப்போகின்றன.

‘மூன்றே மூன்று பெட்டியா?’ என்பது இரண்டாம் கட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை. பெட்டிகளை மட்டும் எண்ணிப் பயனில்லை. நான்கு பெட்டியில் 1,200 பேர், நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 18,000 பேர். மூன்று பெட்டியில் 900 பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 27,000. ஓட்டுநர் இல்லாத சிறிய ரயில்களை அடிக்கடி விடுவதுதான் யோசனை. அது பலிக்குமா என்பது, போதுமான ரயில்கள் வாங்கி உண்மையிலேயே அடிக்கடி விடுகிறார்களா என்பதைப் பொறுத்தது. மூன்று பெட்டி ரயிலை ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டால் குறை சொன்னவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

ஆற்காடு சாலையில் வளசரவாக்கம் பக்கம் போனவர்கள் ஒரே தூணில் இரண்டு அடுக்குப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு வழித்தடங்கள் ஒரே சாலையின் மேல் போகின்றன. ஒரே தடத்தில் இரண்டையும் ஓட்டியிருந்தால் செலவு குறையும், ஆனால் ஒன்றில் ஏற்படும் தாமதம் மற்றதையும் பிடிக்கும். இரண்டு வழித்தடங்களுக்கும் ரயில்கள் பாதியாகும். அடுக்கடுக்காகக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

‘ஒப்புதல்’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

ஒரு பாதை கனவிலிருந்து கான்கிரீட் ஆகும்வரை பல படிகள். முதலில் சாத்தியக்கூறு ஆய்வு, அதாவது அங்கே ரயில் தேவையா, முடியுமா என்ற பார்வை. பிறகு விரிவான திட்ட அறிக்கை. பாதை எங்கே வளையும், நிலையம் எங்கே, செலவு எவ்வளவு, எத்தனை பேர் ஏறுவார்கள் எல்லாம் இதில் வரும். மாநில அரசு அதை ஏற்கும். மத்திய அரசு ஏற்கும். கடன் ஒப்பந்தம் ஆகும். இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்டவை கடன் தருகின்றன. அதன்பிறகு டெண்டர், நிலம், கட்டுமானம். இந்தப் படிகள் எப்போதும் வரிசையாக வருவதில்லை. இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது கிட்டத்தட்ட நான்கு ஆண்டு கழித்து. அதற்குள் சுரங்கம் தோண்டும் வேலையே தொடங்கியிருந்தது.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கி.மீ. நீட்டிப்புக்கும், பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் நீட்டிப்புக்கும் விரிவான திட்ட அறிக்கைகள் தயாராயின. அறிக்கை தயாரானது என்பதை வைத்து யாராவது மனை விற்க வந்தால், மேலே உள்ள படிகளில் மிச்சம் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நிலம் என்ற ஒற்றைச் சொல்லில் எவ்வளவு காலம் போகும் என்பதற்கு வேளச்சேரி – பரங்கிமலைதான் உதாரணம். மொத்தமே சுமார் 5 கி.மீ. பெரும்பகுதிக்குத் தூண்கள் எழுந்துவிட்டன. ஆதம்பாக்கம் பக்கம் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கான நிலம் வழக்கில் சிக்க, பல ஆண்டுகள் மொத்தப் பாதையும் நின்றது. தொண்ணூறு சதவீதம் முடிந்த ரயில் பாதையில் ரயில் ஓடாது.

கட்டி முடித்த பிறகும் ஒரு படி இருக்கிறது. சோதனை ஓட்டங்கள் முடிந்து, மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் பார்த்துச் சான்று தர வேண்டும். இவர் மெட்ரோ நிறுவனத்தின் ஆள் அல்ல. ரயில்வே அமைச்சகத்தின் கீழும் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ரயிலை ஓட்டுபவரே அதற்குச் சான்று தரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

சான்று கிடைத்தாலும் முழுப் பாதையும் ஒரே நாளில் திறக்காது. முதல் கட்டமே 2015-ல் ஒரு துண்டு, அடுத்தடுத்து இன்னும் சில என்று வந்து, டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டைத் துண்டோடு 2019 பிப்ரவரியில்தான் முழுமையானது. இரண்டாம் கட்டத்தில் 40 கி.மீ.க்கும் மேல் சுரங்கம். மலைகளின் பெயரும் பறவைகளின் பெயரும் சூட்டிய இயந்திரங்கள் களிமண்ணிலும் பாறையிலும் மாறி மாறிக் குடைந்து நாளுக்குச் சில மீட்டரே நகரும். எனவே தூண்மேல் போகும் பூந்தமல்லிப் பக்கம் முந்தும், மயிலாப்பூர்ப் பக்கம் பிந்தும். அப்படித் துண்டாக ஓடும் நாட்களில் ரயில் காலியாகப் போவதைப் படம்பிடித்து ‘இதற்கா இத்தனை கோடி’ என்று போடுவார்கள். முதல் கட்டத்தில் கோயம்பேடு – ஆலந்தூர் மட்டும் ஓடியபோதும் அதேதான் பேசினார்கள். சென்ட்ரலும் அண்ணா சாலையும் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.